கண்ணுக்கும் குழலுக்கும் நடுவே

ஜூன் 4

என்னங்க,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, ஜல்லி லாரி வந்துடுச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை லாரி போன பிறகும் படிக்கலாம்.

மகள் வீட்டு வேலை எந்த அளவில் இருக்கிறது? மாப்பிள்ளையை வேலையாட்கள் முன்னால் அதட்டாதீர்கள். அது அவர் கட்டும் வீடு, நீங்கள் மேற்பார்வை பார்த்த பாலம் இல்லை.

பள்ளியில் என் பணி ஓய்வுப் பிரிவுபசார விழா நன்றாக நடந்தது. நீங்கள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மனதுக்குள் நினைத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். பரிசாக என்ன வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார்கள். தொலைநோக்கி என்றேன். தலைமையாசிரியர், "நட்சத்திரம் பார்க்கவா டீச்சர்?" என்றார். "இல்ல சார், துப்பாக்கி மேல மாட்ட" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்.

எதற்கு இது என்பீர்கள். நம் பாயிண்ட் டூ டூ துப்பாக்கியில் பின்குறி, முன்குறி, தூரத்துக் குறி அட்டை மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். முதல் பெஞ்சுப் பையன், நடு பெஞ்சுப் பையன், கடைசி பெஞ்சுப் பையன் மூவரையும் ஒரே பார்வையில் பிடிப்பது மாதிரி. ஒரு காலத்தில் பிடித்தேன். இப்போது முதல் பெஞ்சு முழுக்க மூட்டமாக இருக்கிறது. தொலைநோக்கி மூன்று பேரையும் இழுத்து ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடும்.

ஜூலை கடைசி ஞாயிறு துப்பாக்கி கிளப்பில் ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்குத் தொலைநோக்கிப் போட்டி. எப்போதும் ஜெயிக்கும் வங்கியம்மா இப்போதே எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார். "கலந்துக்கிறதே பெரிய விஷயம் டீச்சர்" என்கிறார். ஒரே ஒரு தடவை அவரை ஜெயிக்க வேண்டும். எனக்கு இப்போது வேறு ஆசை எதுவும் இல்லை.

மாட்டித் தருவதாக வாட்ச்காரர் சொல்லியிருக்கிறார். கடிகாரக் கடையோடு கிளப்புத் துப்பாக்கிகளையும் பழுது பார்ப்பாரே, அவர்தான். பள்ளிக் கடிகாரம் அவர் பொறுப்பு என்பதால் விழாவுக்கும் வந்திருந்தார். நல்ல மனிதர். நான் பேசியதை முழுக்கக் கேட்டார்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

உங்கள்
டீச்சர்


ஜூன் 10

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. விழாவுக்கு நான் வராததற்குக் காரணம் அஸ்திவாரம். அஸ்திவாரத்தை அடுத்த வாரம் வா என்று சொல்ல முடியாது. இது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறாய்.

நீ பேசியதை வாட்ச்காரன் முழுக்கக் கேட்டானாம். என்ன பேசினாய்? எவ்வளவு நேரம்? அதை எழுதவில்லையே.

எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடிகாரம் வேறு, துப்பாக்கி வேறு. நொடிமுள்ளைத் தொடுகிற கைக்குத் துப்பாக்கியின் கனம் பிடிபடாது. அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும், பார்த்திருக்கிறாயா? அந்தத் தலைக்குச் சீப்பு எதற்கு? யோசித்துப் பார்.

இந்த வேலைக்கு யாரும் தேவையில்லை. நான் சொல்கிறபடி நீயே செய்துவிடலாம்.

முதலில் துப்பாக்கி காலியா என்று பார். பிறகு மறுபடியும் பார். குண்டு போடும் போல்ட்டைக் கழற்றி மேஜையில் வை. மேல்புறம் நீளமாக இரண்டு காடி ஓடும். தொலைநோக்கிக் குழலைத் தாங்கும் வளையங்கள் இரண்டும் அந்தக் காடியில் கவ்வும். தாழ்வான வளையம் வாங்கு. உயரமானது பார்க்கக் கொக்கு மாதிரி இருக்கும்.

குழல் முன்னே பின்னே எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் சரியான இடைவெளி வேண்டும். உன் அளவு எனக்கு மனப்பாடம். தோளில் பதியும் கட்டையின் அடியிலிருந்து கண்ணாடி விளிம்பு வரைக்கும் ஒரு நூல் வெட்டி இந்த உறையில் வைத்திருக்கிறேன். நம் முதல் வருஷம் கிளப்புத் தொலைநோக்கியை உனக்கு மாட்டிக் கொடுத்தவன் நான். மறக்குமா?

வாசலில் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடு. குழலுக்குள் தெரியும் செங்குத்துக் கம்பி தூக்குக்குண்டின் நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். வளையத் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. கடைசியில் துப்பாக்கிக் குழாய் வழியாக மதில்மேல் ஒரு புள்ளியைப் பார். துப்பாக்கியை அசைக்காமல் மேல்திருகையும் பக்கத்திருகையும் திருப்பி, குறுக்குக்கம்பியை அதே புள்ளிக்குக் கொண்டு வா. அவ்வளவுதான். எவனும் வேண்டாம்.

இங்கே மாப்பிள்ளை ஜன்னலை ஓர் அடி தள்ளி வைக்கச் சொல்கிறார். நான் அதட்டவில்லை. சத்தமாகச் சொன்னேன்.

இப்படிக்கு
நான்


ஜூன் 21

என்னங்க,

உங்கள் நூல் வந்தது. அறுபது வயதில் உறையைப் பிரித்தால் நூல் விழுகிறது. சிலருக்கு மல்லிகைப்பூ விழுமாம்.

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னபடியே செய்தேன். கட்டில் தூக்கும்போது நான்கு பேரும் ஒன்றாகத் தூக்கினால்தான் கட்டில் கோணாது. திருகும் அப்படித்தான் என்று புரிந்துகொண்டு மாற்றி மாற்றி முறுக்கினேன். தாழ்வான வளையம். நூல் அளவு அப்படியே, ஒரு மயிரிழை கூடக் குறையவில்லை.

சனிக்கிழமை கிளப்புக்குக் கொண்டுபோனேன். படுத்துக் கண்ணை வைத்தால் முழு வட்டம் தெரியவில்லை. சின்னதாக ஒரு வட்டம், அதன் ஓரத்தில் கறுப்புப் பிறை. பிறையை விரட்டத் தலையை முன்னால் நீட்டினேன். அது மறுபக்கம் வந்தது. ஒரு குண்டு மேலே, ஒன்று கீழே, ஒன்று பக்கத்து ஆளின் அட்டையில். பேருந்தில் ஓட்டுநர் முள்ளை நேராகப் பார்த்து அறுபது என்பார். பக்கத்து இருக்கையில் இருப்பவர் சாய்ந்து பார்த்து ஐம்பத்தைந்து என்பார். முள் மாறவில்லை, கண் இருக்கும் இடம்தான் மாறியது. என் கண் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இருக்கையில் இருந்தது.

பக்கத்து அட்டை வங்கியம்மாவுடையது. "டீச்சர், எனக்கு ஒரு குண்டு தானம் பண்ணிட்டீங்களே!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் படுத்துவிட்டேன். போட்டிக்கு நாள் நெருங்குகிறது. நான் வாட்ச்காரரிடமே போகிறேன். ஒருவர் குழலைப் பிடிக்க, ஒருவர் பார்த்துச் சொல்ல, இது இரண்டு ஆள் வேலைதான். நீங்களே அன்றைக்கு அப்படித்தானே செய்தீர்கள்?

சீப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கவனித்தேன். அது பல் துலக்கும் பழைய பிரஷ். கடிகாரத் தூசு தட்டுவதற்கு.

டீச்சர்


ஜூன் 27

டீச்சருக்கு,

சட்டைப் பைக்குள் இருப்பது பிரஷ் என்று தெரிகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறாய். நல்லது.

நூல் தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை. நீ படுத்த விதம் தப்பு. கன்னத்தைக் கட்டையில் அழுத்தி வைக்காமல் அரைகுறையாக வைத்திருப்பாய். சொன்னால் கோபம் வரும், ஆனால் அதுதான்.

வாட்ச்காரனிடம் போகாதே. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, உடம்பைத் தளர்த்தி அப்படியே இருப்பாய். பக்கத்தில் ஒருவன் குனிந்து குழலைப் பிடித்திருப்பான். "இப்ப திறங்க" என்பான். நீ கண்ணைத் திறப்பாய். "கொஞ்சம் முன்னால" என்பாய். அவன் நகர்த்துவான். "திரும்ப மூடுங்க" என்பான். நீ மூடுவாய். மூச்சு விடுவது கேட்கும் தூரம். அந்த இடத்தில் நின்றவன் நான். அன்றைக்கு நான் குழலைப் பார்க்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

மேல்தளம் போட்ட பிறகு வந்து நானே மாட்டித் தருகிறேன். போட்டி அடுத்த வருஷமும் வரும். வங்கியம்மா எங்கேயும் ஓடிவிட மாட்டார்.

இதை மகளிடம் போனில் சொல்லிச் சிரிக்காதே.

நான்


ஜூலை 6

என்னங்க,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாவது முறை வரவில்லை.

நான் போனேன். சொல்லிவிட்டுப் போக வேண்டுமென்றுதான் எழுதியிருந்தேன், கேட்டுவிட்டுப் போக அல்ல.

கிளப்பின் பின்னறை உங்களுக்குத் தெரியும். எண்ணெய் நாற்றம், ஒரு பல்பு, ஒரு நீள மேஜை. உள்ளே போனால் ஸ்டூலில் வாட்ச்காரரின் மனைவி, மடியில் ஒரு கூடை பீன்ஸ், நார் உரித்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க டீச்சர். நான் இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்" என்றார்.

வாட்ச்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, "இவ வர வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார்.

"வாட்ச் ரிப்பேருக்கு வர்ற பொம்பளைங்க கிட்டயே இவருக்கு நேரம் போறது தெரியாது. துப்பாக்கியோட வர்றவங்கன்னா விட்டுடுவேனா?"

"எனக்கு அறுபத்தி மூணு வயசாச்சு!"

"அதைத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

போல்ட்டைக் கழற்றிக் காட்டினேன். அவரும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "கண்ணை மூடி, எப்பவும் வைக்கிற மாதிரி வைங்க டீச்சர்" என்றார். வைத்தேன். குழலைப் பிடிக்க அவர் கையை நீட்டியதுதான் தாமதம், "நகருங்க, நான் பிடிக்கிறேன். நீங்க வாயால சொன்னாப் போதும்" என்று அந்த அம்மா எழுந்து வந்துவிட்டார். ஆக, உங்கள் இடத்தில் நின்றவர் அவர். மூச்சு விடுவது கேட்டது. பீன்ஸ் வாசனையும் வந்தது. இப்போது நிம்மதியா?

நிம்மதி வேண்டாம். இனிமேல் எழுதுவதைக் கேளுங்கள்.

அவர் எட்டியே நின்று என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "டீச்சர், உங்களுக்குக் கழுத்து அந்தப் பக்கம் இறங்க மாட்டேங்குதே. எத்தனை நாளா?" என்றார்.

"ஒரு வருஷமா" என்றேன்.

"சார் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் ஊர்ல இல்ல" என்றேன். போன வருஷம் நீங்கள் ஊரில்தான் இருந்தீர்கள். எதிர் நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டு.

நூல் சரியில்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். என்னால் இப்போது கன்னத்தை முழுக்கச் சாய்க்க முடியாது. தலை உயர்ந்தே நிற்கிறது, பின்னால் தள்ளி நிற்கிறது. அவர் உயரமான வளையம் போட்டார், கட்டையின் மேல் கன்னத்துக்கு ஒரு தோல் திண்டு வைத்துக் கட்டினார், குழலை இரண்டு விரல் அளவு பின்னால் கொண்டுவந்தார். கண்ணைத் திறந்தேன். முழு வட்டம். ஓரத்தில் பிறை இல்லை. பார்க்கக் கொக்கு மாதிரிதான் இருக்கிறது. நானும் இப்போது அப்படித்தான் இருக்கிறேன்.

நீங்கள் வெட்டி அனுப்பிய அளவில் பிழை இல்லை. அது முப்பது வயதுக்காரி ஒருத்தியின் அளவு. அவளை நீங்கள் ஒரு மயிரிழை தப்பாமல் நினைவில் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு வாட்ச்காரர்மேல் வந்தது எனக்கு அவள்மேல் வருகிறது. அவள் கழுத்து மட்டும் உங்களுக்கு மனப்பாடம்.

நான் உங்களை முதன்முதலில் ஜெயித்த வாரம் உங்களுக்குத் தோள்வலி வந்து கிளப்பை விட்டீர்களே, நினைவிருக்கிறதா? அதற்கு நான் எத்தனை நாள் தைலம் தேய்த்தேன்!

டீச்சர்


ஜூலை 14

டீச்சருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜையிலேயே வைத்துவிட்டேன். மகள் எடுத்துப் படித்துவிட்டாள். நான் திட்டவில்லை. திட்டுகிற இடத்தில் நான் இல்லை.

"அப்பா, போன தடவை நான் வந்திருந்தப்ப அம்மாவுக்கு நான்தானே தலை பின்னி விட்டேன். கையைத் தூக்க முடியலன்னாங்களே. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, "எனக்கே தெரியும் மாமா" என்றார். அவரை அதட்டலாமா என்று நினைத்தேன். ஜன்னல் விஷயத்தில் வேறு அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது. வெளிச்சம் நன்றாக வருகிறது.

மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், வாட்ச்காரருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அவர் கை எங்கே இருந்தது என்று நான் இத்தனை நாள் புழுங்கிக்கொண்டிருந்தேன். கை எங்கேயோ இருந்துவிட்டுப் போகட்டும். அவர் கண் பார்த்துவிட்டதே. இது அதைவிட மோசமாக எரிகிறது. ராத்திரி படுத்தால் அந்தப் பின்னறைதான் வருகிறது, பீன்ஸோடு.

டாக்டரிடம் காட்டினாயா? எந்தப் பக்கம் வலி? நீ எழுதியதில் "அந்தப் பக்கம்" என்றுதான் இருக்கிறது. இடமா வலமா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

புது அளவை ஒரு நூலில் வெட்டி அனுப்பு. எதற்கு என்று கேட்காதே.

போட்டிக்கு வர முடியாது. அதே ஞாயிறுதான் மேல்தளத்துக்குக் கான்கிரீட் கலவை இயந்திரம் கிடைத்திருக்கிறது. மாற்றப் பார்த்தேன். இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தேன். மகளைக் கேள்.

தோள்வலி நிஜம்.

நான்


ஜூலை 30

என்னங்க,

நூல் அனுப்பவில்லை. அனுப்பினால் அதையும் மனப்பாடம் செய்துகொண்டு இன்னும் முப்பது வருஷம் ஓட்டுவீர்கள்.

டாக்டர் பார்த்தார், பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். எந்தப் பக்கம் என்று எழுதப் போவதில்லை.

போட்டி முடிந்தது. வங்கியம்மா ஜெயித்தார். நான் மூன்றாவது. எப்படித் தோற்றேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளை முதலில் சுடவிடுவார்கள் அல்லவா? என் தொலைநோக்கியில் அட்டை தெளிவாகத் தெரியும், கறுப்பு வட்டத்துக்குள் விழும் சின்னத் துளை தெரியாது. அதற்குப் பின்னால் ஒருவர் பெரிய தொலைநோக்கியோடு உட்கார்ந்து, எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டு நான் பக்கத்திருகை ஒரு டிக், இரண்டு டிக் என்று திருத்திக்கொள்ள வேண்டும். அந்த நாற்காலியில் வாட்ச்காரரைத்தான் கேட்டிருந்தேன். அவர் மனைவி விடவில்லை. "நான் இருக்கேன்ல டீச்சர்" என்று தானே வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் குண்டு. "பத்து டீச்சர்!" என்றார், நட்ட நடுவில் விழுந்த மாதிரி.

இரண்டாவது. "பத்து!"

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? சூப்பர் பத்து!"

எனக்கு ஒரே சந்தோஷம். திருகைத் தொடவே இல்லை. கணக்குக் குண்டுகள் அத்தனையும் சுட்டு முடித்து அட்டை கைக்கு வந்தது. எல்லாம் ஒரே இடத்தில், ஒரு பொத்தானால் மூடிவிடலாம். ஆனால் இடது ஓரத்தில், ஏழில். காற்று தள்ளியிருக்கிறது. முதல் குண்டிலேயே தெரிந்திருந்தால் நாலு டிக்கில் எல்லாம் நடுவுக்கு வந்திருக்கும். வங்கியம்மாவின் அட்டையில் குண்டுகள் நடுவைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. வாட்ச்காரர் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம், "உனக்குப் பத்துன்னா என்னன்னு தெரியுமா?" என்றார். "டீச்சர் முகம் வாடிடுமேன்னு பார்த்தேன்" என்றார் அந்த அம்மா. நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நம் முதல் வருஷம் அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தீர்கள். "ஆறு. இடது. கண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்றே?" என்பீர்கள். எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! புதுப் பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காமல் ஒரு தடவையாவது ஆறை ஏழு என்று சொன்னதில்லை. உங்களிடம் பொய்யே கிடையாது. பார்வைதான் வேறு எங்கேயோ இருக்கும்.

எனக்கு அந்த நாற்காலியில் ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வரும்போது ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியில் கண் வைத்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கண்ணாடி என் பார்வைக்குத் திருப்பியிருக்கிறது. உங்களுக்கு அதில் பனிமூட்டம்தான் தெரியும்.

டீச்சர்


ஆகஸ்ட் 4

டீச்சருக்கு,

மேல்தளம் நன்றாக வந்திருக்கிறது. தளம் இறுகத் தண்ணீர் கட்டி வைக்கும் வேலையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டேன். "சரியாப் பார்த்துப்பேன் மாமா" என்றார். பார்த்துக்கொள்வார்.

நாளை மறுநாள் பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா பின்னால் வருமா தெரியாது.

என் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்தார் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாட்ச்காரரையாவது மன்னித்துவிடலாம் போலிருக்கிறது. அந்த அம்மா ஏழு என்பதைப் பத்து என்று சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்தியிருக்கிறார். நான் ஒரு நாளும் அப்படிச் சொல்ல மாட்டேன், அதற்கு நீ தயாராக இரு.

சனிக்கிழமை பயிற்சிக்கு அந்த அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. மரியாதையாகச் சொல். நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கமாகப் போடச் சொல். அங்கிருந்து பார்த்தால் அட்டையும் தெரியும், நீயும் தெரிவாய்.

நான்